குளிர் ஊரில் ஓர் ஐஸ் பெட்டி

சில்லுப் பூட்டிய சின்ன ஐஸ் பெட்டிக்குக் குளிரை உண்டாக்கத் தெரியாது. உள்ளே வைத்த ஐஸ் கட்டியை வெளியே நிற்கும் சூடு வந்து பிடிக்கும் நேரத்தைத் தள்ளிப்போட மட்டுமே தெரியும். மோட்டார் இல்லை, வயர் இல்லை. இரண்டு பிளாஸ்டிக் சுவர்கள், நடுவில் விரல் பருமனுக்கு நுரை, இறுகப் பொருந்தும் மூடி, அடியில் ஓர் ஓரமாக இரண்டு சில்லுகள், இழுத்து நீட்டும் கைப்பிடி, உருகிய தண்ணீர் வடிய ஓர் அடைப்பான், சாமான் இவ்வளவுதான். சிறியவை 15 லீற்றரிலிருந்து 30 லீற்றர்வரை கொள்ளும். ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா வரும் வான்களில், கிரகரி வாவிக் கரையில் பாய் விரிக்கும் கொழும்புக் குடும்பங்களின் பக்கத்தில், இந்தப் பெட்டியைக் காணலாம். அவர்களுக்கு அது உல்லாசச் சாமான். அதே பெட்டி தோட்டத்து லயத்துக்குள் நுழைந்ததும் வேலை மாறிவிடுகிறது. உல்லாசத்துக்கு வருஷத்தில் இரண்டு நாள். மிச்ச நாளெல்லாம் மீனுக்கும் பாலுக்கும் மருந்துக்கும்.

குளிருக்குள் இருப்பவர்களுக்குக் குளிர்ப்பெட்டி எதற்கு என்று கேட்கத் தோன்றும். நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவில் நிற்கும். தை, மாசி விடியல்களில் புல் நுனியில் உறைபனி படிந்து, வெயில் ஏறியதும் தேயிலைக் கொழுந்து கருகிப்போவதும் உண்டு. ஹட்டன் 1,270 மீற்றர் அளவில். அங்கே குளிர் கொஞ்சம் இதம். இப்படிப்பட்ட ஊரில், இரவு மிஞ்சிய கறி நாளைக்கும் தாங்கும் என்ற நம்பிக்கை பிறப்பது இயல்பு. நம்பிக்கை பாதிதான் சரி. 16 பாகை மனிதத் தோலுக்குக் குளிர். பாலையும் மீனையும் கெடுக்கும் நுண்ணுயிர்களுக்கோ அது சற்று மந்தமான வேலைநாள். 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்டதை உணவுப் பாதுகாப்பில் ஆபத்து வலயம் என்பார்கள். கொழும்பு அதன் நடுப்பகுதியில் கிடக்கிறது, நுவரெலியா அதன் கீழ்ப்படியில் உட்கார்ந்திருக்கிறது, ஆனால் வலயத்தை விட்டு வெளியேறவில்லை. சுவெட்டரும் குல்லாவும் போட்டுக்கொண்டு நிற்கும் ஊருக்கு ஐஸ் பெட்டி தேவைப்படுவது இந்தப் பதினொரு பாகை இடைவெளிக்காகத்தான்.

பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. கடைக்காரர் 'கூலர்' என்பார். பத்திரிகைத் தமிழில் 'குளிர்சாதனப் பெட்டி' என்று எழுதினால் அது பிரிட்ஜுக்குப் போய்ச் சேரும். தமிழ்நாட்டில் 'ஐஸ் பெட்டி' என்றால் பலருக்கும் இழவு வீட்டில் உடலை வைக்கும் பெட்டிதான் முதலில் நினைவுக்கு வரும். சுற்றுலாவுக்கு ஐஸ் பெட்டி எடுத்துப்போனோம் என்று அங்கே சொன்னால் கேட்பவர் திடுக்கிடுவார். மலையகத்தில் அந்தச் சொல் மீன்காரருக்கும் ஐஸ்பழக்காரருக்கும் சொந்தம். ஆகவே இங்கே அந்தச் சொல்லே போதும்.

பெட்டியின் வித்தையில் பாதி நுரையில் இருக்கிறது. ஓடாமல் அடைபட்டு நிற்கும் காற்று சூட்டைக் கடத்துவதில் மகா மந்தம். இலங்கையில் ரெஜிபோம் என்று எல்லோரும் அழைக்கும் வெண்ணுரையின் கன அளவில் பெரும்பகுதி காற்றுதான். பிளாஸ்டிக் அந்தக் காற்றைச் சிறு சிறு அறைகளில் பூட்டி வைக்கும் வேலையைச் செய்கிறது. கம்பளி செய்வதும் இதையேதான். கம்பளி சூடு தருவதில்லை, ரெஜிபோம் குளிர் தருவதில்லை. இரண்டும் காவல்காரர்கள், உள்ளே இருப்பது சூடா குளிரா என்று அவர்கள் பார்ப்பதில்லை.

மறு பாதி ஐஸில் இருக்கிறது. ஒரு கிலோ ஐஸ் உருகித் தண்ணீராவதற்கு 334 கிலோஜூல் வெப்பத்தை விழுங்கும். அந்த வெப்பத்தைக் கொண்டு ஒரு கிலோ தண்ணீரை 0 பாகையிலிருந்து 80 பாகைக்குச் சூடாக்கிவிடலாம். உருகி முடியும்வரை ஐஸ் 0 பாகையை விட்டு அசையாது. அடைபட்ட காற்றும் ஐஸும் கூட்டுச் சேர்ந்தால் என்ன செய்யும் என்பதற்கு ஒரு பழைய கப்பல் சாட்சி. 1833இல் பிரெடெரிக் டியூடர் என்ற வியாபாரி பொஸ்டன் பக்கத்து ஏரி ஐஸை 180 தொன் ஏற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். கப்பல் பூமத்திய ரேகையை இரண்டு தடவை தாண்டி நான்கு மாதம் ஓடியது. கரை சேர்ந்தபோது சுமார் 100 தொன் மிச்சம் இருந்தது. அப்போது ரெஜிபோம் கிடையாது. பலகைச் சுவருக்குள் அடைத்த மரப்பட்டைத் தூளும் வைக்கோலுந்தான் காவல். அந்த வியாபாரம் சென்னையில் 1842இல் கட்டிய களஞ்சியம்தான் மெரினாக் கரையில் இன்றும் ஐஸ் ஹவுஸ் என்று சனம் சொல்லும் கட்டடம்.

ஒரு கணக்குப் போட்டால் மலைநாட்டின் அதிர்ஷ்டம் புரியும். சின்னப் பெட்டி ஒன்றின் சுவர்ப்பரப்பைச் சுமார் 0.35 சதுர மீற்றர் என்றும், நுரையின் பருமனை இரண்டரை சென்றிமீற்றர் என்றும் வைத்துக்கொள்ளலாம். வெளியே 30 பாகை என்றால் ஒரு கிலோ ஐஸ் ஆறு மணித்தியாலத்துக்குச் சற்று மேல் தாங்கும். அதே பெட்டி, அதே ஐஸ், வெளியே 16 பாகை என்றால் கிட்டத்தட்டப் பன்னிரண்டு மணித்தியாலம். மூடியைத் திறக்காமல், வெயிலில் வைக்காமல் இருந்தால் வரும் கணக்கு இது. கொழும்பில் காலையில் போட்ட ஐஸ் மதியச் சோற்றோடு முடிந்துவிடும். நுவரெலியாவில் இரவுச் சாப்பாட்டுக்கும் கொஞ்சம் மிஞ்சும். நிழலில் குளிர்ந்தாலும் மலை வெயில் சுள்ளென்று குத்தும் என்பதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். தகரக் கூரைக்கு நேர்கீழே வைத்த பெட்டிக்கு நுவரெலியா என்ற முகவரி உதவாது.

பெட்டிக்குள் நுரை வந்தது இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிந்திய கதை. 1950களில் அமெரிக்காவில் கையில் தூக்கும் ஐஸ் பெட்டிகள் கடைக்கு வந்தன. சில்லு இன்னும் பிந்தியது. பயணப் பெட்டிக்கே சில்லுப் பூட்டும் யோசனைக்கு அமெரிக்கரான பெர்னார்ட் சாடோ காப்புரிமை பெற்றது 1972இல்தான். மனிதன் சந்திரனில் கால்வைத்ததற்குப் பிறகே பெட்டிக்குச் சில்லு வைப்பது பரவியிருக்கிறது. விமான நிலையத்தின் வழவழப்பான தரையில் பிறந்த அந்த யோசனை ஐஸ் பெட்டியையும் தொற்றிக்கொண்டது. இரண்டுக்கும் வேண்டியது ஒன்றுதான்: தட்டையான, வறண்ட, கெட்டியான தரை.

தேயிலைத் தோட்டத்தில் இல்லாதது அதுதான். பெரிய ரோட்டிலிருந்து இறங்கியதும் கருங்கல் பதித்த தோட்டத்துப் பாதை. அதில் பாதிக் கல் பெயர்ந்து மழைத்தண்ணீர் வழிந்தோடும் தடமாகியிருக்கும். பிறகு மலைக்குள் குறுக்கே போகும் ஒற்றையடிப் பாதை, அதைக் குறுக்கறுக்கும் கான்கள், கடைசியில் லயத்துக்கு ஏறும் படிக்கட்டு. ஐஸ் பெட்டியின் சில்லு ஆறு சென்றிமீற்றர் குறுக்களவுள்ள கடினமான பிளாஸ்டிக் வட்டு. இரண்டு சென்றிமீற்றர் உயரமுள்ள ஒரு கல் முன்னால் வந்தால் என்ன நடக்கும் என்பது பள்ளிக்கூடப் பௌதிகம். அந்தச் சில்லை நேராக இழுத்து அந்தக் கல்லின்மேல் ஏற்ற, சில்லின்மேல் இறங்கும் பாரத்தைப்போலக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு விசை வேண்டும். அதே கல்லை அறுபது சென்றிமீற்றர் குறுக்களவுள்ள சைக்கிள் சில்லு பாரத்தில் பாதியை விடக் குறைந்த விசையில் தாண்டிவிடும். பெட்டியை இழுப்பதைவிடத் தூக்குவது லேசு என்று கை தானாகவே கண்டுபிடிப்பது இதனால்தான். பத்து அடி இழுத்தபின் பெட்டி தோளுக்கோ தலைக்கோ ஏறிவிடும்.

ஏறியபின் அது பழகிய இடத்துக்கு வந்துவிட்டது. கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டி, பாரத்தை முதுகில் இறக்கி, இரண்டு கையையும் கொழுந்துக்கு விட்டுக்கொடுத்து மேட்டில் ஏறிய சமூகம் இது. இப்போது பல தோட்டங்களில் கூடைக்குப் பதில் பை வந்துவிட்டது, பாரம் தொங்கும் இடம் அதேதான். கைப்பிடியில் தொங்கும் பாரம் தோளை ஒரு பக்கமாக இழுத்து நடையைக் கோணலாக்கும். முதுகோடு ஒட்டிய பாரம் அப்படிச் செய்யாது. ஆகவே மலையகத்தில் விற்கும் ஐஸ் பெட்டிக்கு உண்மையில் வேண்டியது நல்ல அகலமான ஒரு வார். அதைத் தயாரிப்பவர்கள் யோசிக்கவில்லை. பழைய சேலைத் துண்டோ கயிறோ அந்தக் குறையைத் தீர்க்கும். சில்லு வேண்டிய தூரத்துக்கு முச்சக்கர வண்டி இருக்கிறது. பஸ் நிற்கும் இடத்திலிருந்து தோட்டத்துக்கு ஏறும் ஆட்டோவின் பின்பக்கத்தில் காஸ் சிலிண்டரோடும் அரிசி மூட்டையோடும் பெட்டியும் ஏறிக்கொள்ளும். மலையகத்தில் ஐஸ் பெட்டிக்கு மூன்று சில்லு. அவை பெட்டியில் இல்லை.

பிளாஸ்டிக் பெட்டி வருவதற்கு வெகு காலத்துக்கு முன்பே லயங்களுக்கு ஐஸ் பெட்டியை அறிமுகப்படுத்தியவர் மீன்காரர். மலைக்குக் கடல் தூரம். ரயில் ஹட்டனை 1884இலும் நானுஓயாவை 1885இலும் எட்டியது. அதற்கு முன் வண்டியிலும் தலைச்சுமையிலும் பச்சை மீன் கெடாமல் மலையேற வழியில்லை. ரயில் வந்த பின்பும் வெகுகாலம் தோட்டத்துச் சட்டியில் கொதித்த கடல் பெரும்பாலும் கருவாடும் நெத்தலியும்தான். ஐஸ் கிடைக்காத இடத்தில் உப்பும் வெயிலும் செய்யும் வேலையே கருவாடு. பச்சை மீன் இப்போது பேலியகொடைச் சந்தையிலிருந்தும் நீர்கொழும்பு, திருகோணமலைக் கரைகளிலிருந்தும் லொறியில் வந்து, டவுனில் பிரிந்து, மோட்டார் சைக்கிளில் தோட்டத்துக்கு ஏறுகிறது.

அந்த மோட்டார் சைக்கிளின் பின்சீற்றில் கட்டியிருக்கும் பெட்டியை ஒருதரம் உற்றுப் பார்க்க வேண்டும். வெளியே பலகைச் சட்டம், உள்ளே ரெஜிபோம், அதற்குள் தடித்த பொலித்தீன். மூடியே வெட்டுப் பலகை. பக்கத்தில் தராசு தொங்கும். லயத்து முனையில் ஹோர்ன் அடித்து நிறுத்தினால் பெண்கள் சட்டியோடு இறங்கி வருவார்கள். மூடியைத் தூக்கினதும் ஐஸ் தூளிலிருந்து வெண்புகை மாதிரி ஈரம் எழும்பும். அவர் புறங்கையால் ஐஸைத் தள்ளி மீனை எடுத்து, செவுளைத் தூக்கிக் காட்டுவார். வாங்குபவர் கண்ணை அமுக்கிப் பார்ப்பார். பேரம் முடிந்ததும் முதலில் நடப்பது மூடி விழுவது. மீனை வெட்டுவதும் காசு வாங்குவதும் அதற்குப் பிறகு. சுற்றுலா வரும் குடும்பங்கள் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு எந்தப் போத்தல் யாருக்கு என்று பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்தால், இந்த மனிதரிடம் ஒரு பாடம் படிக்கலாம் என்று தோன்றும்.

வெப்ப நாடுகளில் மீனின் எடைக்கு ஈடான எடை ஐஸ் போட வேண்டும் என்பது மீன்பிடித் துறையின் பொது விதி. அதைப் பாதியாக்கினால் இலாபம் கூடுவதுபோல் தெரியும். சூரை, கெலவல்லா போன்ற மீன்களில் அந்தச் சிக்கனம் விஷமாகும். சூடு ஏறினால் அவற்றின் தசையில் உள்ள ஒருவகை அமினோ அமிலத்தைப் பக்டீரியாக்கள் ஹிஸ்டமினாக மாற்றிவிடும். தின்றவருக்கு முகம் சிவக்கும், தலை வலிக்கும், உடம்பு தடிக்கும். ஹிஸ்டமின் கொதிக்க வைத்தாலும் அழியாது. நன்றாக வேகவைத்தால் எல்லாம் சரியாகும் என்ற சமையலறை நம்பிக்கை தோற்கும் இடம் இது.

பெட்டியில் சாமான் அடுக்கும் முறையில் தோட்டத்து அனுபவத்துக்கு நேர் எதிரான ஒரு சங்கதி இருக்கிறது. கொழுந்தைப் பையில் அமுக்கி அடைக்கக் கூடாது என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். பறித்த பின்பும் இலை உயிரோடு மூச்சு விடுகிறது. அந்த மூச்சில் சூடு பிறக்கிறது. நெருக்கி அடைத்தால் சூடு வெளியேற வழியில்லாமல் கொழுந்து வெந்து சிவந்துவிடும். ஸ்டோருக்குப் போய்ச் சேரும் முன்பே தேயிலை கெட்டுப்போகும். கொழுந்தைப் பகலில் பலதடவை நிறுப்பதற்கும், நிறுத்த கையோடு லொறியில் ஏற்றுவதற்கும் இதுவும் ஒரு காரணம். ஐஸ் பெட்டியிலோ நெருக்கித்தான் அடுக்க வேண்டும். உள்ளே இருக்கும் மீனும் தயிரும் தாமாகச் சூட்டை உண்டாக்குவதில்லை. சூடு வெளியிலிருந்து வருகிறது. இடைவெளி விட்டால் அங்கே நிற்கும் காற்று ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் வெளியேறி, வெளிக்காற்று புகும். காலி இடத்தைப் பழைய துணியாலோ தண்ணீர்ப் போத்தலாலோ நிரப்புவது நல்லது. ஐஸ் மேலே, சாமான் கீழே. குளிர்ந்த காற்று பாரமானது, இறங்கித்தான் வரும்.

ஐஸுக்கும் கடைக்கு ஓட வேண்டியதில்லை. சோடாப் போத்தலில் தண்ணீர் நிரப்பி, பிரிட்ஜ் இருக்கும் வீட்டில் உறைய வைத்தால் போதும். தண்ணீர் உறையும்போது கன அளவில் நூற்றுக்கு ஒன்பது பங்கு பருக்கும் என்பதால் கழுத்துவரை நிரப்பக் கூடாது. உருகியபின் அதுவே குடிதண்ணீர். தூள் ஐஸைவிடப் பெரிய கட்டி மெதுவாக உருகும். தூள் ஐஸோ சாமானைச் சுற்றி ஒட்டிக்கொண்டு சீக்கிரம் குளிர்விக்கும். மீனுக்குத் தூள், பயணத்துக்குக் கட்டி.

பால் விஷயத்தில் பெட்டியைக் கொஞ்சம் யோசித்துப் பயன்படுத்த வேண்டும். தோட்டத்துக் குடும்பங்களில் மாடு வைத்திருப்போர் பலர். காலைப் பால் சேகரிப்பு நிலையத்துக்குப் போய்விடும். மாலையில் கறந்தது காலைவரை காத்திருக்க நேரிடும். மடியிலிருந்து வரும் பால் 37 பாகை அளவில் இருக்கும். ஐந்து லீற்றர் பாலை அந்தச் சூட்டிலிருந்து 4 பாகைக்குக் கொண்டுவரக் கிட்டத்தட்ட இரண்டு கிலோ ஐஸ் உருகித் தீர வேண்டும். வீட்டில் அவ்வளவு ஐஸ் இல்லை. மலையில் இருக்கும் பீலித் தண்ணீர் இங்கே கைகொடுக்கும். பால் கேனைப் பீலியின் கீழே ஓடும் தண்ணீரில் நிறுத்தி அடிக்கடி கிளறினால் 18 பாகைவரை சும்மாவே இறங்கும். பிறகு பெட்டிக்குள் வைத்தால் முக்கால் கிலோவுக்குச் சற்று அதிகமான ஐஸே போதும். மலையின் குளிர் முதல் பாதியைச் செய்யட்டும், ஐஸ் கடைசிப் பாதியைச் செய்யட்டும் என்பதுதான் கணக்கு.

தோட்டத்துக்கு வரும் ஐஸ் பெட்டிகளில் மிகவும் கண்டிப்பானது தடுப்பூசிப் பெட்டி. இலங்கையில் விரிவாக்கப்பட்ட நோய்த்தடுப்பு ஏற்பாடு 1978இல் ஆரம்பமானது. கொழும்பிலிருந்து மாவட்டத்துக்கும், அங்கிருந்து சுகாதார வைத்திய அதிகாரியின் அலுவலகத்துக்கும், பிறகு தோட்டத்துக் கிளினிக்குக்கும் தடுப்பூசி 2 பாகைக்கும் 8 பாகைக்கும் இடையிலேயே பயணம் செய்ய வேண்டும். பிள்ளைக் காம்பராவிலோ தோட்ட வைத்தியசாலையிலோ கிளினிக் நாளில் குடும்பநல உத்தியோகத்தர் கொண்டுவரும் பெட்டியின் நான்கு பக்கத்திலும் ஐஸ் பொதிகள் செருகியிருக்கும். அந்தப் பொதிகள் பிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் பெட்டிக்குள் போவதில்லை. முதலில் வெளியே மேசையில் அடுக்கப்படும். மேற்பரப்பில் வியர்வை முத்துமுத்தாகப் பூக்க வேண்டும். காதோரம் வைத்துக் குலுக்கினால் உள்ளே தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்க வேண்டும். அதன் பிறகுதான் உள்ளே. காரணம், முக்கூட்டு, ஐங்கூட்டு ஊசிகளும் ஈரல் அழற்சி பி ஊசியும் உறைந்தால் பயனற்றுப் போகும். சூட்டில் கெடுவதைப் பலரும் அறிவார்கள். குளிரில் கெடுவதை அறிந்தவர்கள் குறைவு. நுவரெலியாவின் குளிர்ந்த அறையில் இந்தக் காத்திருப்பு திருகோணமலையில் ஆவதைவிட நீளும். அந்த நீளத்துக்குப் பொறுமை இல்லாதவர் கையில் குளிர் ஊரே ஆபத்தாகிவிடும்.

இன்சுலினுக்கும் இதே பாடம். நீரிழிவு லயத்துக்கும் வந்து வெகுகாலமாகிறது. திறக்காத இன்சுலின் குப்பி 2 முதல் 8 பாகைக்குள் இருக்க வேண்டும். அதற்குப் பிரிட்ஜ்தான் சரியான இடம். திறந்து பாவிக்கும் குப்பி 30 பாகைக்குக் கீழே இருந்தால் நான்கு வாரமளவில் தாங்கும். சரியான நாள் கணக்கு உறையில் அச்சிட்டிருக்கும். நுவரெலியாவில் இந்தக் குப்பிக்கு ஐஸ் தேவையே இல்லை. தேவைப்படுவது மதிய நேரத்தில் தகரக் கூரைக்குக் கீழே ஏறும் சூட்டிலிருந்து ஒரு மறைவு. ஐஸ் போடாத ஐஸ் பெட்டி அதற்குப் போதும். இரண்டு மூன்று போத்தல் பீலித் தண்ணீரை உள்ளே வைத்து, இரவு முழுக்க மூடியைத் திறந்துவிட்டு, விடியலில் மூடிவிட்டால், தண்ணீர் வாங்கிக்கொண்ட இரவுக் குளிர் பகலில் மெல்ல மெல்லத்தான் தீரும். அதே குப்பியோடு கண்டிக்கோ கொழும்புக்கோ பஸ் ஏறுபவர் கதை வேறு. வெயில் அடிக்கும் ஜன்னலோரத்தில் பை 30 பாகையைத் தாண்ட அதிக நேரம் ஆகாது. அப்போது ஐஸ் வேண்டும். குப்பி ஐஸைத் தொடாமல் துணியில் சுற்றி, டம்ளருக்குள் நிறுத்தி வைக்கவும் வேண்டும். உறைந்து உருகிய இன்சுலின் பார்வைக்குச் சாதாரணமாக இருக்கலாம். அதை எறிந்துவிட வேண்டும்.

இனி உல்லாசம். மலையகத்தில் 'ட்ரிப்' என்றால் பெரும்பாலும் கீழே இறங்குவது: திருக்கோணேஸ்வரம், கதிர்காமம், நல்லூர், மடு. ஆயிரம் மீற்றர் இறங்கினால் சுமார் ஆறரை பாகை கூடும். நுவரெலியாவில் விடியற்காலையில் அடைத்த பெட்டி திருகோணமலைக் கரையை அடையும்போது உயரத்துக்காக மட்டும் பன்னிரண்டு பாகை கூடியிருக்கும். அதன்மேல் பகல் சூடு. ஆகவே புறப்படும் ஊரின் குளிரைப் பார்த்து ஐஸ் போடுபவர் ஏமாறுவார். போய்ச் சேரும் ஊரைப் பார்த்துத்தான் போட வேண்டும். புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் பெட்டி கேட்பதில்லை, புளிப்பே அவற்றுக்குக் காவல். பெட்டி கேட்பவை தயிர், கோழி, குழந்தைப் பால், கண்ணுக்கு விடும் மருந்து. குடிக்கும் போத்தல்களை வேறொரு பையில் வைப்பது புத்தி. ஒரு பஸ் நிறையப் பிள்ளைகள் அரை மணிக்கு ஒருதரம் திறக்கும் பெட்டியில் தயிர் தாங்காது.

மேலே ஏறும் பயணத்துக்குப் பெட்டி வேறு வேலை செய்யும். மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வெசாக்வரை சிவனொளிபாதமலைப் பருவம். நல்லதண்ணிவரை வாகனம் போகும்; பிறகு 2,243 மீற்றர் உச்சிக்கு ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படி. ஐஸ் பெட்டியை அந்தப் படிகளில் ஏற்ற நினைப்பது வீண். ஆனால் இறங்கி வரும் பெரியவர்களுக்காக வானில் காத்திருக்கும் பெட்டிக்குள், துணி சுற்றிய சட்டியில் கொதிக்கக் கொதிக்க வைத்த சோறும் பருப்பும் இருந்தால், காலையில் ஆவி பறக்கும். நுரைக்குச் சூடும் குளிரும் ஒன்று. கொதிநீர் போத்தல் ஒன்றைக் கூட வைத்தால் இன்னும் நல்லது. இந்தப் பாவனையை ஐஸ் பெட்டி விற்பவர்கள் சொல்வதேயில்லை, மலைக்கு அதைவிடப் பொருத்தமான பாவனையும் வேறில்லை.

ஹோர்ட்டன் சமவெளிக்குப் பெட்டியோடு போகிறவர்கள் அதை வாகனத்திலேயே விட்டுவிட்டு நடக்க வேண்டும். 1988இல் தேசியப் பூங்காவான அந்த இடத்தின் நடைபாதை வாசலில் பைகளைச் சோதித்துப் பொலித்தீனை எடுத்துவிடுவார்கள். வாகனங்கள் நிற்கும் இடம்வரை மரைகள் வந்து, சனம் நீட்டும் தீனிக்குப் பழகிவிட்டன. மூடி சரியாகப் பூட்டாத பெட்டி அங்கே கிடக்கக் கூடாது.

லயக் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி என்பது பழைய அளவு. அதற்குள் கட்டில், அலுமாரி, சாமிப் படம், பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் அடங்கிய பின் பிரிட்ஜுக்கு இடம் தேடுவது பெரும்பாடு. ஐஸ் பெட்டி கட்டிலுக்கு அடியில் போய்விடும். பிரிட்ஜ் உள்ள வீடுகளுக்கும் அது வேண்டும் என்பதை 2022 காட்டியது. அந்த வருஷம் மார்ச் மாதக் கடைசியில் நாடு முழுக்க நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை மின்சாரம் வெட்டப்பட்டது. மின்சாரம் இருந்த சில மணி நேரத்தில் உறைய வைத்த போத்தல்கள் இருட்டு நேரத்தைத் தாங்குவதற்குப் பெட்டி ஒன்று வேண்டியிருந்தது. மேலே திறக்கும் பெட்டியில் குளிர்ந்த காற்று தங்கும். பிரிட்ஜின் கதவைத் திறந்தால் அது காலடியில் கொட்டிப் போய்விடும்.

பெட்டியின் குறையையும் சொல்ல வேண்டும். உணவு கட்டிக் கொடுக்கும் ரெஜிபோம் பெட்டிகளுக்கு இலங்கை 2017 செப்டம்பரில் தடை போட்டது. மீன் பெட்டியும் ஐஸ் பெட்டியும் அதில் அடங்கவில்லை. உடைந்த வெண்ணுரை காற்றில் பறந்து கானில் விழுந்து, ஓடைக்குப் போய், காசல்ரீ, மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கங்களில் மிதக்கும். மக்காது. தடித்த பிளாஸ்டிக் சுவருள்ள பெட்டியைப் பல வருஷம் பாவிப்பது மெல்லிய ரெஜிபோம் பெட்டியை வருஷத்துக்கு ஒன்று எறிவதைவிட மேல். நாற்றம் பிடித்தால் அப்பச்சோடாவும் வெயிலும் போதும். ஆனால் மூடியைத் திறந்தபடி காயவைக்க வேண்டும், மழைக்கால மலையில் மூடிவைத்த ஈரப் பெட்டி இரண்டே நாளில் பூஞ்சணம் பிடிக்கும்.

வாங்கப் போகிறவர் கடையில் பெட்டியை உருட்டிப் பார்க்காமல் மூடியை அழுத்திப் பார்க்கட்டும். மூடிக்கும் வாய்க்கும் நடுவில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்தால் தாள் இறுக்கமாக வர வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்தப் பெட்டி வேண்டாம். மூடிக்குள்ளும் நுரை இருக்கிறதா என்று தட்டிக் கேட்க வேண்டும், பல மலிவுப் பெட்டிகளின் மூடி வெறும் கூடு. பதினைந்து லீற்றர் ஒரு குடும்பத்துக்குப் போதும். நிரம்பிய முப்பது லீற்றர் பெட்டியைப் படியில் ஒருவர் தனியாகத் தூக்க முடியாது. சில்லு வைத்ததற்குக் கூடுதல் காசு கேட்பார்கள். தோட்டத்துக்கு வாங்குகிறவர் அந்தக் காசில் இரண்டு ஐஸ் பொதியும் அகலமான ஒரு வாரும் வாங்கிக்கொள்ளலாம்.